கோல்டு சான்றிதழ் வாங்கினால் தலைவலி போகுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில், பிரதான சாலையை ஒட்டி எங்களுக்கு மூன்று தளங்கள் கொண்ட வணிகக் கட்டடம் இருக்கிறது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டியது. அதன் வாடகைதான் இப்போது எங்கள் வருமானம். கீழ்த்தளத்தில் ஒரு கிளினிக். மேல் இரண்டு தளங்களையும் கணக்கு வேலை செய்துதரும் ஒரு நிறுவனத்துக்கு விட்டிருக்கிறோம். ஒவ்வொரு தளமும் 4,000 சதுர அடி, தளத்துக்கு 40 பேர். எல்லாம் ஸ்ப்ளிட் ஏசி. எட்டு மாதங்களுக்கு முன்னால் அவர்கள் புதிதாகப் பார்ட்டிஷனும் மேசைகளும் போட்டார்கள். அதிலிருந்து ஊழியர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், ஏதோ ஒரு நெடி என்று புகார் வந்துகொண்டே இருக்கிறது. லீஸ் புதுப்பிக்கும்போது கட்டடத்துக்குப் பசுமைச் சான்று இருந்தால் நல்லது என்று அவர்களுடைய தலைமை அலுவலகமும் எழுதியிருக்கிறது. ஓர் ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு, சோலார் போட்டு, குழாய்களையும் விளக்குகளையும் மாற்றினால் கோல்டு சான்றிதழ் நிச்சயம், புகாரும் நின்றுவிடும் என்கிறார். செய்யலாமா? எங்கள் மகளோ, நாலு தொட்டிச்செடி வைத்தாலே போதும் என்கிறாள்.

பதில்: ஐயா, உங்களிடம் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். ஒன்று, உங்கள் கட்டடத்துக்குள் 80 பேர் நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்று. மற்றது, சந்தையில் உங்கள் கட்டடத்துக்கு மதிப்புச் சேர்க்கும் ஒரு சான்று. முதல் வேலையை முதலில் செய்யுங்கள். அதை ஒழுங்காகச் செய்தால் இரண்டாவது பாதி முடிந்த மாதிரி. மாற்றிச் செய்தால் கையில் சான்றிதழ் இருக்கும், தலைவலியும் அப்படியே இருக்கும்.

ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்தச் சான்றுகள் மொத்த மதிப்பெண் முறையில் இயங்குபவை. நம் நாட்டில் பரவலாக இருப்பவை மூன்று. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001-ல் தொடங்கி ஹைதராபாத்திலிருந்து இயங்கும் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் ஐஜிபிசி தரமதிப்பீடு. எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனமான டெரியும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிரிஹா. அமெரிக்காவிலிருந்து வந்த லீட். எல்லாவற்றிலும் மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள், மனை இருக்கும் இடம், உட்புறச் சூழல் என்று பல தலைப்புகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டித்தான் தரம் சொல்வார்கள். கோல்டு என்பது அப்படியொரு தரம்.

லீட் நான்காம் பதிப்பைப் பாருங்கள். புதுக் கட்டடத்துக்கு மொத்தம் 110 புள்ளிகள். அதில் எரிசக்திக்கு மட்டும் 33, உட்புறச் சூழலின் தரத்துக்கு 16. கோல்டு வாங்க 60 புள்ளிகள் போதும். கட்டாய நிபந்தனைகளை மட்டும் நிறைவேற்றிவிட்டு, அந்த 16-ல் ஒன்றுகூட எடுக்காமலே ஒரு கட்டடம் கணக்குப்படி கோல்டு வாங்க முடியும். கணக்கில் நூறு எடுத்த பையன் தமிழில் எல்லைக்கோட்டில் தப்பித்து, மொத்தத்தில் முதல் வகுப்பு வாங்குவது போலத்தான். உங்கள் ஆலோசகர் சொன்ன பட்டியலை இன்னொரு முறை படியுங்கள்: சோலார், குழாய், விளக்கு. மூன்றும் நல்லவை, செய்ய வேண்டியவை. ஆனால் அந்த 40 பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒரு பிடி வெளிக்காற்றைக்கூட அவை கொண்டுவராது.

அவர் எந்தச் சான்றைச் சொன்னார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்கான சான்று வேறு, ஏற்கெனவே இயங்கும் கட்டடத்துக்கான சான்று வேறு. புதுக் கட்டடச் சான்று, கட்டி முடித்த நாளில் அது எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து யார் ஃபில்டரைக் கழுவினார்கள், யார் வெளிக்காற்று விசிறியை அணைத்து வைத்தார்கள் என்றெல்லாம் அது சொல்லாது. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது வகை. இயங்கும் கட்டடங்களுக்கான லீட் 4.1 பதிப்பில், உள்ளே வேலை செய்பவர்களிடம் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். காற்றில் கரியமில வாயுவையும், ஆவியாகும் வேதிப்பொருள்களின் மொத்த அளவையும் அளக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் சான்று வாங்க வேண்டும். இன்றைய நிலையில் உங்கள் வாடகைதாரரின் ஊழியர்களிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சான்று கொடுப்பது கவுன்சில், ஆலோசகர் இல்லை. அதனால் "கோல்டு நிச்சயம்" என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவேன்.

சரி, காற்றுக்கு வருவோம்.

நம் ஊரில் படித்தவர்கள்கூடப் பலர் நினைப்பது, ஏசி வெளியிலிருந்து காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறது என்று. ஸ்ப்ளிட் ஏசி அதைச் செய்வதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டி, அதே அறைக்குள் விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டியோடு அதற்கு இருப்பது குளிரூட்டி வாயு போகும் செம்புக் குழாய் உறவு மட்டுமே. ஆக, ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ரப்பர் ஒட்டி, முகப்பில் திறக்கவே முடியாத கண்ணாடி போட்டு, ஸ்ப்ளிட் ஏசி மாட்டிவிட்டால், காலையில் இருந்த காற்றைத்தான் 40 பேரும் மாலைவரை மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறார்கள். சென்னையில் இப்படிப்பட்ட அலுவலகங்களுக்குக் கணக்கே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கரியமில வாயுவை அளக்கும் சின்ன மேசை மீட்டர் ஒன்று வாங்குங்கள். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்டிஐஆர் சென்சார் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மிக மலிவான சில மீட்டர்கள் வேறு வாயுக்களை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் காட்டும், அது உதவாது. முதலில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் வையுங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம்முக்குப் (பத்து லட்சத்தில் 420 பங்கு) பக்கத்தில் காட்ட வேண்டும், சாலையோரம் என்பதால் கொஞ்சம் கூடலாம். அப்புறம் அலுவலகத்தின் நடுவில், யாருடைய மூக்குக்கும் நேராக இல்லாமல், மேசை உயரத்தில் வையுங்கள். ஆட்கள் வருவதற்கு முன், பதினொன்றரை மணிக்கு, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, நாலு மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். 1,000, 1,100-க்குள் இருந்தால் வெளிக்காற்று பரவாயில்லை. 1,500-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காற்று மாறவே இல்லை என்று அர்த்தம். இந்த அளவில் கரியமில வாயு நஞ்சு என்று பயப்பட வேண்டாம். அதோடு சேர்ந்து மற்ற எல்லாமும் உள்ளேயே தேங்கி நிற்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். புகார் எப்போது வருகிறது என்று ஊழியர்களிடம் கேளுங்கள். என் தொழிலில் இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. காலையில் நன்றாக இருந்து, பதினொரு மணிக்கு மேல் தலை கனக்கிறது, டீ குடிக்க வெளியே போனால் தெளிகிறது என்றால், அது காற்றோட்டக் குறைவு. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் நெடி குப்பென்று அடித்து, மதியத்துக்குள் குறைகிறது என்றால், சனி, ஞாயிறு பூட்டிக் கிடந்தபோது உள்ளே ஏதோ கசிந்து சேர்ந்திருக்கிறது. மழை நாளில் அதிகம் என்றால் ஓதமும் பூசணமும். கரன்ட் போகும்போது மட்டும் என்றால் ஜெனரேட்டர் புகை எங்கிருந்து உள்ளே வருகிறது என்று தேட வேண்டும்.

திங்கட்கிழமை நெடி என்றால் முதல் சந்தேகம் அந்தப் புது மரச்சாமான்கள்மேல்தான். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப், மலிவான பிளைவுட் எல்லாம் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டியவை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூடக் கசிவும் கூடும். ஏசியை அணைத்துப் பூட்டிய சென்னை அறையைவிட அதற்குத் தோதான இடம் வேறென்ன? கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு இதன் வழக்கமான அறிகுறிகள். உலகச் சுகாதார நிறுவனம் உட்புறக் காற்றுக்கு வைத்திருக்கும் வரம்பு, அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால் நான் இதை இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு மட்டும் ஆய்வகத்தை அழைத்து முறைப்படி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கையடக்கக் கருவியை நம்ப வேண்டாம். அளவு அதிகம் என்று வந்தால், பலகைகளின் வெட்டு விளிம்புகளும் ஸ்க்ரூ ஓட்டைகளும் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். லேமினேட் ஒட்டிய பரப்பிலிருந்து வருவது குறைவு. மேசைக்கு அடியில் பச்சையாக விடப்பட்ட விளிம்பிலிருந்துதான் அதிகம் வரும். அந்த விளிம்புகளுக்கு எட்ஜ் பேண்ட் ஒட்டச் சொல்லுவது சின்ன வேலை, பலன் பெரிது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கழிப்பறையிலும் பேன்ட்ரியிலும் தரையில் நானி ட்ராப் என்ற வடிகால் இருக்கும். புழங்காத இடமாக இருந்தால் அதில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், சாக்கடை வாயு நேராக உள்ளே ஏறும். புது பார்ட்டிஷன் போடும்போது பழைய ட்ராப் ஒன்று மறைந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லா ட்ராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். நெடி போனால் அந்தச் செலவோடு முடிந்தது.

வேளச்சேரி என்றதும் எனக்குக் கேட்கத் தோன்றுவது வெள்ளம். 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றதா? நின்றிருந்தால் சுவரில் இன்னும் ஓதம் இருக்கலாம். உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது என்றால் அதன் மேலேயே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். அப்போது நனைந்த ஜிப்சம் போர்டோ பிளைவுட்டோ இன்னும் இருந்தால் கழற்றி எறியுங்கள். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெள்ளம் அவ்வளவு சீக்கிரம் வடிவதே இல்லை. கீழே கிளினிக் இருப்பதால் நோயாளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெளிக்காற்றைக் கொண்டுவருவது எப்படி? ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிரதான சாலைப் புகையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிற்கும் ஈரப்பதமும், கொசுவும் அதை ஒரு நாளைக்கு மேல் தாங்கவிடாது. சிலர் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் மாட்டிவிடுவார்கள். அது ஈரக் காற்றை எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே இழுக்கும். குளிர்ந்த பரப்பில் பட்டு அது வியர்க்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். ஆகவே வெளிக்காற்றை வடிகட்டி, ஈரத்தைக் குறைத்து, தெரிந்த ஒரு வழியாக அனுப்ப வேண்டும்.

எவ்வளவு காற்று? அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 காற்றோட்டத் தரநிலையின்படி அலுவலகத்துக்கு ஆளுக்கு 5 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), அதோடு சதுர அடிக்கு 0.06 சிஎஃப்எம். உங்கள் ஒரு தளத்துக்கு 200-ம் 240-ம் சேர்த்து 440. இது குறைந்தபட்சம். என்னைக் கேட்டால் ஆளுக்கு 15 வீதம் 600 சிஎஃப்எம் வையுங்கள் என்பேன். அப்போதுதான் கரியமில வாயு 1,100 அளவில் நிற்கும். 440 மட்டும் விட்டால் 1,300-க்கு மேல் போகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உச்ச வெயிலில், ஈரத்தோடு இருக்கும் சென்னைக் காற்றில் 600 சிஎஃப்எம்மைக் குளிரவைக்கத் தோராயமாக 4 டன் ஏசி தேவைப்படும். கரன்ட் பில்லைப் பார்த்துத்தான் பெரும்பாலான இடங்களில் வெளிக்காற்று விசிறியை அணைத்துவிடுகிறார்கள். சான்று பெற்ற கட்டடங்களிலும் இது நடக்கிறது. என் மனதை உறுத்தும் விஷயம் இது: மின்சாரச் சேமிப்பு என்ற நல்ல காரியத்தின் பெயரால் காற்றைக் குறைப்பது. இதற்கு வழி இருக்கிறது. எனர்ஜி ரிக்கவரி வென்டிலேட்டர், சுருக்கமாக இஆர்வி, வெளியே போகும் குளிர்ந்த காற்றையும் உள்ளே வரும் சூடான காற்றையும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓட்டும். போகிற குளிர்ச்சியை வைத்து வருகிற வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும். நல்ல கருவி அந்தக் கூடுதல் சுமையில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் பொருந்தும் அளவிலேயே கிடைக்கிறது. சாலையோரம் என்பதால் அதில் நுண்தூசியைப் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டர் போடச் சொல்லுங்கள். காற்று எடுக்கும் வாயை ஜெனரேட்டர் புகைபோக்கி, கழிப்பறை டக்ட், வண்டி நிறுத்துமிடம் இவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் மாடிப்படியடியில் நிற்கிறார்களா? லீட் விதிப்படி வாசல், ஜன்னல், காற்று எடுக்கும் வாய் எல்லாவற்றிலிருந்தும் 25 அடி தள்ளித்தான் புகைபிடிக்கலாம். சான்று வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் போர்டை இன்றே மாட்டலாம்.

காற்றைச் சரிசெய்தால் உண்மையிலேயே வேலை நன்றாக நடக்குமா என்று உங்கள் வாடகைதாரர் கேட்டால், 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனையைச் சொல்லுங்கள். 24 பேரை ஆறு நாள் ஒரே அலுவலக அறையில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மட்டும் மாற்றினார்கள். காற்றில் வேதிப்பொருள்கள் குறைவாக இருந்த நாள்களில் முடிவெடுக்கும் திறன் தேர்வில் மதிப்பெண் 61 சதவீதம் கூடியது. அதோடு வெளிக்காற்றையும் கூட்டிய நாள்களில் 101 சதவீதம். 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அந்தச் சதவீதத்தை அப்படியே உங்கள் கட்டடத்துக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் அங்கே மாற்றியது காற்றைத்தான், சுவரில் மாட்டும் சான்றுப் பலகையை அல்ல.

உங்கள் மகள் சொல்லும் செடிகள் கண்ணுக்கு இதம், தாராளமாக வைக்கலாம். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-ல் நாசாவுக்காகச் செய்த ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் செய்தது. பிற்பாடு டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் அத்தகைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் கட்டடத்தில் நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. ஏர் பியூரிஃபையரும் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. ஓசோன் விடும் கருவிகளை வாங்கவே வேண்டாம். நெடியை மறைக்க ரூம் ஸ்பிரே அடிப்பது ஏற்கெனவே இருக்கும் வேதிப்பொருளோடு இன்னொன்றைச் சேர்ப்பது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் விடச் சொல்லவில்லை. அந்த நேரம் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, புகை அடங்கியபின் ஏசியைப் போடட்டும்.

உட்புறச் சூழல் என்பதில் வெளிச்சமும் சத்தமும் உண்டு. மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் நிழல் கொடுத்தால் கண்கூச்சமும் ஏசிச் சுமையும் சேர்ந்தே குறையும். மற்றவை பிறகு.

சான்றுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. பெரிய நிறுவனங்கள் இடம் தேடும்போது கேட்கிற கேள்விகளில் இது ஒன்றாகிவிட்டது, உங்களுக்கும் எழுதிவிட்டார்கள். தண்ணீர், மின்சாரக் கணக்குகளை முறையாக எழுதி வைக்கும் பழக்கத்தையும் அது கொண்டுவரும். ஆனால் அவர்கள் "இருந்தால் நல்லது" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சான்று, எந்தத் தரம், கட்டாயமா என்று பதில் போட்டுக் கேளுங்கள். சில நேரம் கட்டடம் முழுவதற்கும் தேவைப்படாது. அவர்கள் இருக்கும் உட்புறத்துக்கு மட்டும் ஐஜிபிசி கிரீன் இன்டீரியர்ஸ் போன்ற சான்றை அவர்களே எடுக்கலாம். பார்ட்டிஷன் போட்டது அவர்கள் என்பதால் அதுதான் நியாயமும்கூட. கட்டடத்துக்கே எடுப்பதென்றால் பதிவுக் கட்டணம், சான்றுக் கட்டணம், ஆலோசகர் சம்பளம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அவர் முன்பு செய்த கட்டடங்களின் பெயரைக் கவுன்சில் இணையதளத்தின் பட்டியலில் சரிபாருங்கள். முன்சான்று என்பது வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது. அதைக் காட்டி முழுச் சான்று என்று சொல்பவர்களும் உண்டு.

லீஸ் புதுப்பிக்கும்போது சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றுக் கருவியை வாங்கி மாட்டுவது நீங்கள். வேலை நேரம் முழுக்க ஓடவிடுவதும் அதன் மின்கட்டணமும் அவர்கள் பொறுப்பு. ஃபில்டரை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று எழுதுங்கள். இனிமேல் பார்ட்டிஷன், பெயின்ட் எது போட்டாலும் பொருளின் விவரம் முன்கூட்டி உங்களுக்கு வர வேண்டும், பலகை குறைந்தது, ஃபார்மால்டிஹைடு கசிவுக்கு வரம்பு வைக்கும் இ1 தரத்தில் இருக்க வேண்டும். அளவீட்டுப் பதிவு இரு தரப்பிடமும் இருக்கட்டும். இப்போது யார் மேல் குறை என்று இழுத்துக்கொண்டிருக்கும் பேச்சு, இரண்டு வார அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும்.

மீட்டரை இந்த வாரமே வாங்குங்கள். ஃபார்மால்டிஹைடு மாதிரி எடுக்க வருபவர்களைத் திங்கட்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன் வரச் சொல்லுங்கள். இஆர்விக்கு விலைப்புள்ளி கேட்கும்போது தளத்துக்கு 600 சிஎஃப்எம் என்று குறிப்பிட்டு, எத்தனை சதவீத ஈரத்தை மீட்கும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெப்பத்தை மட்டும் மீட்கும் கருவியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், சென்னைக்கு அது போதாது.